கட்டைவிரலில் ஓடிய பெண்கள்

கல்யாணமான இரண்டாம் வருஷம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மடிப்பு வேலைக்குப் போனேன். ஒவ்வொரு பனியனுக்குள்ளும் ஒரு சின்ன அட்டை வைத்து மடிப்போம். ஒருமுறை அளவு தப்பாக அச்சாகி ஒரு மூட்டை அட்டை வந்தது. அடுப்புக்குப் போகவிருந்ததை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுபக்கம் அத்தனை வெள்ளையாக இருந்தது.

அப்போது என் நங்கை, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் வீட்டில் படுத்திருந்தார். சோமனூரில் வாக்கப்பட்ட வீட்டில், சுவரில்லாத கிணற்றுக்குள் தவறி விழுந்து கால் முறிந்துவிட்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். வந்த நாளிலிருந்து யாரோடும் பேசவில்லை. ஓட்டுச் சந்தில் விழும் வெயில் வட்டம் சுவரில் நகர்வதையே பார்த்துக் கிடப்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் அருகில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் நோட்டு ஓரத்தில் செய்து அடிவாங்கிய வித்தையை அட்டைகளில் செய்தேன். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பெண், பக்கத்தில் ஒரு கிணறு. அட்டைக்கு அட்டை அவள் கை கொஞ்சம் கொஞ்சமாக உயரும். நாற்பது அட்டைகளையும் அடுக்கி, ஓர் ஓரத்தை நூலால் இறுக்கிக் கட்டி, மறு ஓரத்தைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டேன். அவள் கை தூக்கினாள். கிணற்றுத் தண்ணீர் தூணாக எழுந்து நின்றது.

நங்கை கை நீட்டி வாங்கினார். ஐந்தாறு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"இவ யாரு கண்ணு?"

"தண்ணிக்காரிங்க. அவ சொன்னாத் தண்ணி கேக்கும்."

"அப்பறம் என்ன பண்றா?"

எனக்கே தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றனுங்க" என்றேன்.

அப்படித்தான் அது தொடர்கதையாயிற்று. சாயங்காலத்துக்கு ஒரு கட்டு. நெருப்புக்காரி வந்தாள், இறங்குகிற சூரியனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். காத்துக்காரி ஊதினால் பருத்திக் காடே வெடித்து மேகமாகப் போகும். பக்கத்து வீட்டுப் பெண்களும் அடுப்பு மூட்டுவதற்கு முன் வந்து கூடினார்கள். கம்பெனியில் வெளிச்சக் கீற்றில் பஞ்சுத் தூசி மிதக்கும்போது காத்துக்காரியின் முந்தானை அதில் அசைவதுபோல இருக்கும். கை மடிப்பை மறந்து நிற்கும். மேஸ்திரி சத்தம் போடுவார்.

மண்ணுக்காரி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் நங்கை, "பென்சில இங்க குடு" என்றார்.

கோணல் கோணலாக வரைந்தார். கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. அவளுக்குக் கீழே பூமி புடைத்து, ஊர்ந்து, அவளைச் சுமந்துகொண்டு போனது.

"இவ நடக்க மாட்டாளுங்களா?"

"எதுக்கு நடக்கோணும்? மண்ணே தூக்கிட்டுப் போகுதல்லொ" என்றார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கெணத்துக்குள்ள வெகுநேரம் கெடந்தேன் கண்ணு. கத்திக் கத்திப் பாத்தேன். மேல தறிச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்குல. இவ மாதிரி ஒருத்தி வர மாட்டாளான்னு இருந்துச்சு."

அன்றுதான் அவர் அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தைக் கட்டைப் பிரித்தபோது கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டிருந்தது. அழைத்துப்போக வந்த தன் கணவரிடம் நங்கை, "கெணத்தச் சுத்திச் செவுரு கட்டுங்க. கட்டுனாத்தான் வருவேன்" என்றார். அவர் குரல் அவ்வளவு திடமாக நான் கேட்டதில்லை. வந்தவர் தனியாகத் திரும்பிப் போனார். சுவர் எழும்பிய பிறகுதான் நங்கை பஸ் ஏறினார்.

அந்த வருஷத் தீபாவளிக்குச் சோமனூர் போனேன். காலண்டர் தாள்களை வெட்டி அவரே ஒரு கட்டு செய்து வைத்திருந்தார். "அஞ்சாவதா ஆகாயத்துக்காரி வந்துட்டா" என்றார். ஓட்டிப் பார்த்தேன். சின்னப் புள்ளியாக இருந்தவள் வளர்ந்து வளர்ந்து தாளை விட்டே வெளியேறினாள். கடைசித் தாள்கள் வெறுமையாக இருந்தன.

"எங்கீங்க போனா?"

"எங்கயும் போகல. பெருசாயிட்டா" என்று நங்கை சிரித்தார்.