மஞ்சள் தடவிய கிழங்கான்

அரக்கு முத்திரை வைத்த அலமாரிக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசிக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கப்பல்களுக்குச் சாமான் கொடுப்பது, நாம் ஒருநாளும் உட்காராத பந்திக்கு நாள் முழுக்கக் கவலைப்படும் தொழில். பிறர் சொன்னதை எழுதியே பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அலமாரி

பி.ஏ. முடித்து ராயபுரத்தில் அப்படியொரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். மதுவிலக்கு வந்த புதிது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்வரை மது அலமாரிக்குச் சுங்கக்காரர்கள் முத்திரை வைத்துவிடுவார்கள். இத்தாலியக் கப்பல் ஒன்றுக்கு முதலாளியோடு பட்டியல் எழுதப் போனேன். சமையற்காரர் பியேத்ரோ அந்த அலமாரியைக் காட்டித் துண்டு துண்டான ஆங்கிலத்தில் பேசினார். உள்ளே இருப்பது அவர் ஊர் வெள்ளை ஒயின். இரண்டு திராட்சைகளின் கலவை. ஒன்று புளிப்புக்கு, ஒன்று மணத்துக்கு. கூடச் சாப்பிட இறால், நண்டு, இளம் பாலாடைக்கட்டி எல்லாம் சேரும். எல்லாவற்றையும்விட மெல்லிய வெள்ளை மீன். கரை தாண்டியதும் கேப்டனுக்கு விருந்து.

"மீன்மேல் எதையும் தடவாதீர்கள். இந்த ஒயினுக்குச் சண்டை போடத் தெரியாது" என்றார்.

பத்தியம்

எங்களுக்கு மீன் கொடுத்தவள் காசிமேட்டுக் கன்னியம்மா. கட்டுமரத்தில் போன புருஷன் திரும்பவில்லை. இரண்டு பெண்களுக்கும் சோறு போட்டது, எங்கள் கம்பெனி சிபாரிசில் அவளுக்குக் கிடைத்த துறைமுக பாஸ்தான்.

மெல்லிய வெள்ளை மீனான கிழங்கானைச் சுத்தம் செய்து நேரே கப்பலில் கொடுக்கச் சொன்னேன். மிளகாய் வேண்டாம், புளி வேண்டாம் என்றேன். 'எதையும்' என்று பியேத்ரோ சொன்னதை நான் அப்படிச் சுருக்கிக்கொண்டேன்.

"மொளகா வாணாம், புளி வாணாம். அந்தாளு துன்னறானா, பத்தியம் இருக்கறானா ரைட்டரம்மா?" என்று சிரித்தாள்.

மஞ்சள்

மறுநாள் பியேத்ரோ கூடையோடு கம்பெனிக்கே வந்துவிட்டார். கிழங்கான் அத்தனையும் பொன்னிறத்தில் மின்னின. கழுவிக் கழுவிப் பார்த்திருக்கிறார்; போகவில்லை. சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது. வேறு மீனுக்கு நேரமில்லை. இனி உங்களிடம் எதுவும் வாங்குவதாயில்லை என்று கேப்டன் எழுதிய சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மஞ்சள் எனக்கும் தோன்றவில்லை. எங்கள் வீடுகளில் மஞ்சள் மசாலாவில் சேர்த்தியில்லை. மீன் கழுவுகிற தண்ணீரைப் போல அது. ஆள்விட்டுக் கூப்பிட்டதும் வந்த கன்னியம்மா, கூடையைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"மஞ்சா போடாத மீன ஒர்த்தருக்கு எப்டி துன்னக் குடுக்கறது? கலீஜா இருக்காது?"

கடிதம்

முதலாளி திருநெல்வேலிக்காரர், சத்தம் போடமாட்டார். என்னைப் பார்த்து, "எதையும் தடவக் கூடாதுன்னு நீ இவகிட்ட சொன்னியாம்மா, இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்னது மிளகாயும் புளியும் மட்டும்தான். வீட்டில் என் சம்பளத்தை நம்பி ஐந்து பேர். கையிலிருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அது சொல்லிச்சி நைனா. எனக்குத்தான் நெனப்பில்ல" என்றாள்.

அவளுடைய பாஸை ரத்து செய்யச் சொல்லித் துறைமுகத்துக்குப் போன கடிதத்தை டைப் அடித்தது நான்தான். ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன். வெளியே வந்தபோது படியோரம் நின்று சும்மாட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.  அவள்தான் முதலில் பேசினாள்.

"வுடு ரைட்டரம்மா. ஒனக்குப் படிச்ச வேல, போனா வராது. எனக்குக் கடல் கீது."

நான் அதே கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாகி மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன். கன்னியம்மா திருவொற்றியூர்ச் சாலையோரம் பத்து வருஷம் கருவாடு விற்று, ஒரு கோடையில் அந்த இடத்திலேயே இறந்துபோனாள்.