பிரம்மநாயகியும் ஏஞ்சல் சோடியும்

பிரம்மநாயகிக்கு ஆரம்ப சூரத்தனம் என்று பேர் வாங்கிக் கொடுத்தது வேறு யாருமில்லை, கட்டிய புருஷன்தான். கணேஷ்ராம் அதைக் குத்தலாகச் சொல்கிறவர் இல்லை. விருந்துக்கு வந்தவர்கள் முன்னால், பாசமாக, சிரித்துக்கொண்டே சொல்வார். "எங்க வீட்டம்மா எதையும் ஜோராத் தொடங்குவா. பாதியில போயிப் பாத்தா ஆளையே காணோம்." எல்லோரும் சிரிப்பார்கள். நாயகியும் சிரித்தபடி அவர்கள் இலையில் இன்னொரு கரண்டி சொதியை ஊற்றுவாள்.

அவள் விட்டதெல்லாம் எப்படி விட்டுப் போனது என்று அந்தச் சிரிப்பில் யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. பி.எட். படித்துக்கொண்டிருந்தபோது கணேஷ்ராமுக்குத் திசையன்விளைக்கு மாற்றல் வந்தது. அவர் சுகாதார ஆய்வாளர். போ என்றால் போகத்தானே வேண்டும், மூட்டை கட்டினார்கள். அங்கே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து இந்தி சொல்லிக் கொடுத்தாள். அது சூடு பிடிக்கையில் கங்கைகொண்டானுக்கு மாற்றல். ஒருவழியாகப் பாளையங்கோட்டைக்கு வந்து, ரவிக்கையில் பூத்தையல் போடும் ஆரி வேலை கற்றுக்கொண்டாள். மாமனார் படுக்கையில் விழுந்தார். பட்டு ரவிக்கை ஒன்று இடது கையில் மயிலோடும் வலது கை மொட்டையாகவும் இன்றைக்கும் பீரோவில் கிடக்கிறது.

இந்தத் தடவை மீன்.

தொட்டியை வாங்கி வைத்தது மகள் விஜயஸ்ரீ. கோவையில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, "யாருக்காவது குடுத்துரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே நாலு ஏஞ்சல் மீன்கள். கொஞ்ச நாளில் அவற்றில் இரண்டு சோடி சேர்ந்துகொண்டு மற்ற இரண்டையும் மூலைக்கு விரட்டின. விரட்டுப்பட்டவற்றை வண்ணமீன் கடை ஆரிப்பிடம் கொடுத்துவிட்டு, நாயகி சோடியை மட்டும் வைத்துக்கொண்டாள். ஒரு காலையில் இரண்டும் அகலமான இலையொன்றை வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தன. மத்தியானத்துக்குள் இலை முழுக்க வரிசையாக முட்டை.

"இது குஞ்சு பொரிச்சு நீந்துததப் பாக்காம நான் ஓய மாட்டேன்" என்றாள் நாயகி. கணேஷ்ராம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அது வலிக்கிறது என்று தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

முட்டை பொரிந்தது. எள்ளுக்கு வால் முளைத்த மாதிரி குஞ்சுகள் இலைமேல் ஒட்டிக்கொண்டு துடித்தன. மறுநாள் தாய் மீன் ஒவ்வொன்றாக வாயில் கவ்வுவதைப் பார்த்து நாயகிக்குப் பகீரென்றது. பெற்றதே தின்கிறதே என்று முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டு விரட்டினாள். தொட்டி கலங்கியது. தெளிந்தபோது இலைமேல் ஒன்றுகூட இல்லை.

ஆரிப் முழுதும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அது திங்கலக்கா. வாயில தூக்கிட்டுப் போயி வேற சுத்தமான இடத்துல வைக்கும், அதான் அதுக்குப் பழக்கம். நீங்க கைய விட்டதும் மிரண்டு முழுங்கிருக்கும்."

அன்றைக்கு நாயகிக்குச் சோறு இறங்கவில்லை. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று தானே காரியத்தைக் கெடுத்தோமே என்று குமைந்தாள். ஆனால் மீனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும் எண்ணம் மட்டும் அவளுக்கு வரவே இல்லை. தாய் மீன் இளைத்துக் கிடந்தது. திரும்ப முட்டை போட உயிருள்ள தீனி வேண்டும், கொசுப்புழு கிடைத்தால் அதைப் போல வராது என்றிருந்தான் ஆரிப்.

கீரையில் ஒரு புழுவைக் கண்டால் கட்டோடு தூக்கி எறிகிற சைவ வீடு அது. நாயகி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய வாளி ஒன்றில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். புழு நெளிய ஆரம்பித்ததும், கொசுவாகிப் பறந்துவிடாமல் கணேஷ்ராமின் கிழிந்த வேட்டியால் வாளியை இறுக்கிக் கட்டினாள். ஊர் முழுக்க வீடு வீடாக ஏறித் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்து வருகிறவருடைய வேட்டி.

கொசு ஒழிப்பு வேலைக்கு அந்தத் தெருவுக்கு வரும் பியூலா ஒருநாள் மாடிக்கு ஏறிவிட்டாள். வேட்டியை அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே பார்த்துவிட்டு நாயகியைப் பார்த்தாள்.

"எக்கா, சார் வீட்டுலயே இப்படிக் கெடந்தா மத்த வீட்டுல போயி நாங்க என்னத்தச் சொல்ல?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. நாயகிக்கு முகம் வெந்துபோயிற்று. பியூலா வாளியைக் கவிழ்த்துவிட்டு இறங்கிப் போனாள். சாயங்காலம் கணேஷ்ராம் செருப்பைக் கழற்றும்போதே விஷயம் அவர் முகத்தில் இருந்தது.

"மானமே போச்சு நாயகி. ஒரு செரட்டையில தண்ணி நின்னாலே சத்தம் போடுதவன் நான். என் வீட்டு மாடியில நீ வாளி வாளியா வளக்கே."

"ஒரு வாளிதான்."

"போதும். நாளைக்கு அந்த மீனை ஆரிப்புகிட்ட குடுத்துரு."

இவ்வளவு காலமும் இந்த இடத்தில் நாயகி சரி என்றுதான் சொல்லியிருக்கிறாள். உதட்டுக்கு வந்த சரியை அன்றைக்கு விழுங்கினாள்.

"வாளி வச்சது தப்புதான். இனிமே வைக்க மாட்டேன். மீனைக் குடுக்க மாட்டேன்."

"ஏளா, சொன்னாக் கேளு."

"கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். படிப்ப விட்டேன். இந்திய விட்டேன். ஊசியக் கீழ வச்சேன். அதுல ஒண்ணையாவது எனக்குச் சலிச்சுப் போயி விட்டேனா? நீங்களே சொல்லுங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. கணேஷ்ராம் சாப்பிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் வந்தவர் பையிலிருந்து தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து அடுப்படி மேடையில் வைத்தார். உள்ளே புழு நெளிந்துகொண்டிருந்தது.

"ஒரு வீட்டுல, டயருக்குள்ள கெடந்துது. கீழ ஊத்தத்தான் போனேன்."

"பெறகு?"

"பெறகென்ன பெறகு. மீனுக்குப் போடு" என்று சட்டையைக் கழற்ற உள்ளே போய்விட்டார். நாயகி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணும் நனைந்தது.

அதற்கப்புறம் பாட்டில் வராத நாள் குறைவு. ஊரில் அவர் கவிழ்த்த தண்ணீரெல்லாம் வடிகட்டி வீட்டுக்கு வந்தது. தாய் மீன் வயிறு திரண்டு திரும்பவும் முட்டை போட்டது. மீன் மிரளாதபடி தொட்டியின் மூன்று பக்கமும் நாயகி பேப்பர் ஒட்டினாள். யாரும் சொல்லாமலே கணேஷ்ராம் டிவியை உள்ளறைக்கு மாற்றினார். வாழைப்பழத் தோலை ஊறப்போட்டு ஒரு பாட்டில் ஜன்னலில் ஏறியது. நீந்தத் தொடங்கும் குஞ்சுகளுக்கு அந்தத் தண்ணீரில் உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள்தான் முதல் தீனியாம்.

பொரிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கணேஷ்ராம் தொட்டி பக்கம் குனிந்தவர் பதறிவிட்டார்.

"நாயகி, திங்குது, வாயில போட்டுட்டு."

கண்ணாடியைத் தட்ட அவர் கை போனது. நாயகி ஓடி வந்து அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"தொடாதீங்க. திங்கல, எடம் மாத்துது."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை. தாய் மீனின் வாய் மூடியிருந்தது. ஆரிப் சொன்னது தப்பாக இருந்தால்? கையைத் தண்ணீருக்குள் விடு விடு என்று மனசு துள்ளியது. தன் கை போய்விடக் கூடாதென்றே அவர் கையை இன்னும் இறுக்கினாள். மீன் பைய நீந்தி எதிர்மூலையில் இருந்த காற்றுக் குழாய்ப் பக்கம் போயிற்று. வாயைத் திறந்து ஊதியது. குஞ்சு குழாய்மேல் ஒட்டிக்கொண்டு வால் துடித்தது. திரும்பி இலைக்கு வந்தது. அடுத்ததைக் கவ்வியது. தகப்பன் மீன் குழாய்ப் பக்கம் காவல் நின்றது.

"ஒண்ணு விடாமத் தூக்கிட்டுப் போவுதே" என்றார் கணேஷ்ராம்.

"எடத்த மாத்தினாலும் அது எதையும் விட்டுட்டுப் போகல, பாத்தீங்களா" என்றாள் நாயகி.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிடித்த கையை அவர் விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

அப்போதுதான் கோவையிலிருந்து மகளின் அழைப்பு. இன்னொரு கையால் போனை எடுத்தார். "என்னப்பா, அம்மாவோட மீன் என்னாச்சு? அதுவும் பாதியிலயா?" என்று அவள் சிரிக்கும் சத்தம் நாயகிக்கும் கேட்டது.

"ஆமா, பாதியிலதான் இருக்கு" என்றார் கணேஷ்ராம் தணிந்த குரலில். "மீதிப் பாதியத்தான் அம்மா பாத்துக்கிட்டு இருக்கா. இப்போ கூப்பிடாத, பெறகு பேசு."