நகராத வரி

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது. அன்னைக்கும் நிக்கலை.

குத்துக்கல்வலசையில என் சிநேகிதி வீட்டு முன்னறையில சோபாவை ஓரமாத் தள்ளிப் போட்டுட்டு ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தோம். ஆடுதது அவ, பாடுதது நான். ஆனா அன்னைக்கு நான் வாயே திறக்கலை. கொரோனா நேரத்துல நான் பாடிப் பதிவு பண்ணது அவ போன்ல ஓடுது, அதுக்கு அவ ஆடுதா.

"ஏட்டி, குத்துக்கல்லு மாதிரி நான் இங்கன உக்காந்திருக்கேன், உனக்குப் போனு எதுக்கு? அந்தச் சவத்த அணைச்சுத் தொலை"ன்னுட்டேன்.

சொன்ன பெறகுதான் எனக்கே உறைச்சுது. அந்தப் பதிவுல தாளம் தட்டி ஜதி சொல்லுதது அவ வீட்டுக்காரர். ரெண்டாவது அலையில போயிட்டாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்தினதுதான் அவ கடைசியாப் பாத்தது. பெறகு பொதிஞ்சு கட்டி நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. முகத்தைப் பாக்க அவளுக்குக் கொடுத்துவைக்கலை.

அவரை நான் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன். மேடையில எங்க மூணு பேருக்கும் ஒரு வழக்கம் உண்டு. அபிநயத்துக்கு வார வரியை எத்தனை தடவை பாடணும்னு முன்னாடியே பேசிவைக்க மாட்டோம். ஒரே வரிக்கு அவ விதம்விதமா பாவம் காட்டிக்கிட்டே இருப்பா. போதும்னு தோணிச்சுன்னா அண்ணாச்சிக்கு என்னமோ சாடை காட்டுவா. அவரு எனக்குத் தலையாட்டுவாரு, நான் அடுத்த வரிக்குப் போவேன். அது என்ன சாடைன்னு எனக்குத் தெரியாது. புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம், நமக்கு எதுக்குன்னு கேட்டதும் இல்லை.

பதிவுல அந்தச் சாடைக்கெல்லாம் வேலையே கிடையாது. வரி நகருத எடத்துல அதுவா நகந்துரும். ஆன்லைன்ல அவ ஆடுனது பூரா அதுக்குத்தான். குற்றாலத்துல சீசனுக்கு ஒரு மண்டபத்துல ஆடக் கூப்பிட்டப்பவும் அதையே போட்டுக்கிடுதேன்னு ஒத்தக் கால்ல நின்னா.

"எத்தனை நாளைக்குட்டி செத்தவரு குரலுக்கு ஆடுவ? முன்னால ஆளுக உக்காந்திருக்கும்போது மூச்சு விடுத பாட்டுக்குல்லா ஆடணும்!"னு மறுபடியும் கத்துனேன்.

ரெண்டு நாளு என்கூடப் பேசலை. மூணாம் நாளு அவளே போன் பண்ணுனா. "சரி, நீ சொன்னபடியே ஆடுதேன். இந்த ஒரு தடவைதான். சரியா வரலைன்னா இனி நான் மேடையே ஏற மாட்டேன். நீயும் கூப்பிடக் கூடாது."

வீம்புக்குப் பேசி, மிச்சம் இருந்த ஒண்ணையும் அவகிட்ட இருந்து பிடுங்கிருவேனோன்னு பயந்தேன்.

தாளத்துக்குத் திருநெல்வேலியில இருந்து ஒரு தம்பியை வரச்சொன்னோம். நல்ல கை. ஆனா பேருந்து லேட்டு, அவரு வந்து சேர சாயந்தரம் ஆயிட்டு. ஜதியை மட்டும் ஒரு ஓட்டம் பாத்தோம், அதுக்குள்ள நேரம் ஆயிட்டு. வெளிய நல்ல சாரல். அருவியில குளிச்ச தலையோட, மங்குஸ்தான் பையும் ஈரத் துண்டுமா ஜனங்க உள்ள வந்து உக்காந்தாங்க. இத்தனை ஆளை ஒண்ணாப் பாத்து எவ்வளவு நாளாச்சு!

ஜதியெல்லாம் சுத்தமா வந்துட்டு. அப்புறம் அந்தப் பாட்டு. தலைவனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற ஒருத்தி, இன்னும் வரக்காணோமேங்கிறா. அதுதான் வரி.

நான் பாடுனேன். அவ வாசலைப் பாத்தா, வழியைப் பாத்தா, விளக்கைத் தூண்டுனா. திரும்பவும் பாடுனேன். அவ தம்பி பக்கம் பாத்து வளையலைத் தொட்டா. ஏக்கத்துல கை மெலிஞ்சு வளையல் கழலுதுன்னு காட்டுதான்னு நினைச்சேன். அடடா, புதுசா ஒண்ணு பிடிச்சிருக்காளேன்னு பெருமை வேற. தம்பி அவ காலைப் பாத்துத் தாளம் போட்டுக்கிட்டு இருந்தாரு, தலை ஆட்டலை. நான் அதே வரியைப் பாடுனேன். அவ மறுபடி வளையலைத் தொட்டா. வரக்காணோமே. மறுபடி தொட்டா.

சபை அசையலை. முன்வரிசையில ஒரு அம்மா ஈரத் துண்டாலேயே கண்ணைத் துடைச்சாங்க. ஆனா இவ உதடு காஞ்சு போச்சு, மூச்சு வாங்குது. தம்பி உக்காந்திருக்கிற எடத்தையே பாக்கா, ஆனா தம்பியைப் பாக்கலை.

என்னமோ தப்புன்னு தோணிச்சு. ஆனா நிறுத்தவும் முடியலை, நகரவும் தெரியலை.

அப்ப அவ ஆட்டத்தை விட்டுட்டு அப்படியே திரும்புனா. சபைக்கு முதுகு காட்டக்கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். இவ காட்டுனா. நேரா எங்கிட்ட வந்து, மணிக்கட்டை என் முகத்துக்கு நேரா நீட்டி, வளையலைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அது பாட்டுல வார பொண்ணோட கண்ணு இல்லை. எனக்கு அப்பதான் விளங்குச்சு. அடுத்த வரியை எடுத்தேன், குரல் உடைஞ்சுட்டு.

கைதட்டல் அடங்க நேரம் ஆச்சு. விழா நடத்துனவரு ஓடி வந்தாரு. "அந்தத் திரும்புத எடம் இருக்கு பாருங்கம்மா, உயிரு! அடுத்து வீரகேரளம்புதூர்ல ஒரு நிகழ்ச்சி வைக்கோம். இதே மாதிரி செஞ்சிருங்க." அவ சிரிச்சுக் கும்பிட்டா. எனக்கு அந்த மனுசனை அறையலாம் போல இருந்தது.

பின்னறையில அவ சலங்கையை நான்தான் அவுத்தேன். அவ குனிய முடியாம உக்காந்திருந்தா.

"போதும் போதும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அவரு தலையே ஆட்டலைட்டி."

அவுத்த சலங்கையைத் துணியில சுத்தி வச்சேன்.

"போன்ல ஒரு தடவை கூட அவரு எடம் தப்புனது கிடையாது. கூடவே இருக்காருன்னுல்லா நான் இருந்தேன். நீதான லைவ்வு லைவ்வுன்னு குதிச்ச?" அப்புறம் ஓன்னு அழுதா. அவரு போன அன்னைக்குக் கூட அவ அப்படி அழுது நான் பாக்கலை. அவளைப் பிடிச்சுக்கிட்டு நானும் அழுதேன். சண்டாளி, நான் சும்மா இருந்திருக்கலாமேன்னு இருந்தது.

கார்ல அவ ஊருக்குத் திரும்புனோம். இனி கூப்பிடாதன்னு சொல்லப்போறான்னு காத்துக்கிட்டே வந்தேன். அவ வீட்டு வாசல்ல இறங்கினவ, கதவைச் சாத்தாம குனிஞ்சு என் கையைப் பிடிச்சா.

"வளையலைத் தொட்டா போதும்னு அர்த்தம். ஞாபகம் வச்சுக்க"ன்னா.