நாற்பது நாள் தூரத்துத் துபாய்

கண்ணாயிரத்துக்குத் தூரம் என்றால் போய்ச் சேர ஆகும் நேரம்தான். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம். வெள்ளிமலை அரை நாள். அந்தக் கணக்கில் துபாய் நாற்பது நாள். மகன் தனசேகரன் மெட்ராஸ் பஸ் ஏறியதற்கும் துபாயிலிருந்து முதல் கடுதாசி வந்ததற்கும் நடுவே ஓடியது அவ்வளவு. இடையில் பையன் விசாவுக்காகப் பம்பாயில் ஒரு மாதம் காத்துக் கிடந்ததை யாரும் இவரிடம் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்டால் வாய்முத்து உதிர்ந்துவிடுமா என்ன!

எண்பத்தேழு ஆடியில் அவர் மனைவி அமிர்தம் படுத்த படுக்கையானாள். "சேகர ஒரு தபா பாத்துட்டா போதுங்க. தகவல் குடுங்களேன்" என்று தினமும் கேட்டாள்.

"அவன் வந்து சேர ஒன்ற மாசம் ஆவும். அதுக்குள்ள நீ எழுந்து கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு இருப்ப. எதுக்கு அவன் பொழப்பக் கெடுக்கணும்?"

ஆவணி கடைசி ஆகியும் அவள் எழவில்லை. பேச்சும் குறைந்தது. பயந்துபோன கண்ணாயிரம் கள்ளக்குறிச்சி போய்த் தந்தி கொடுத்தார். மறுநாளே ஊர் ரைஸ்மில் போனுக்குத் தனசேகரன் கூப்பிட்டான்.

"லீவு குடுத்துட்டாங்கப்பா. நாளைக்கு மத்தியானம் மெட்ராஸ்ல எறங்கிடுவன்."

"நாளைக்கா? எப்பிட்றா?"

"பிளேன்ல நாலு மணி நேரம்தானப்பா."

கண்ணாயிரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு மணி நேரமா? சேலத்துக்கு ஆகும் நேரமா? ஆடி முழுக்க, ஆவணி முழுக்க அவள் கேட்டாளே! ரிசீவரை வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். மில்காரர்தான் வாங்கி வைத்தார்.

தனசேகரன் மெட்ராஸில் இறங்கிய அன்றுதான் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. ஊர்க்கூட்டத்தில் அதற்குக் கை தூக்கியவர்களில் கண்ணாயிரமும் ஒருவர். அந்த ரோடு வழியாகத் தன் வீட்டுக்கு ஒருவன் வரவேண்டியிருக்கும் என்று அப்போது அவர் நினைக்கவில்லை. ரோடு நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது. கிடைத்த சைக்கிளில் தொற்றிக்கொண்டும் நடந்தும் மகன் வந்து சேர ஐந்து நாள் ஆயிற்று. அமிர்தத்தை முந்தின நாள்தான் எரித்திருந்தார்கள். கண்ணாயிரமே கொள்ளி வைத்திருந்தார்.

வந்தவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். சுற்றி நின்றவர்கள், "மறியல் மட்டும் இல்லன்னா மூஞ்சியாவது பாத்திருப்ப" என்று தேற்றினார்கள். அவர்கள் கலைந்துபோன பிறகு அவன் கேட்டான்.

"அம்மாவுக்கு எப்பப்பா ஒடம்பு முடியாம போச்சி?"

மறியல் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணாயிரத்துக்கு மனசு கேட்கவில்லை.

"ஆடியில."

கொப்புளம் வெடித்த காலைத் துடைத்துக்கொண்டிருந்த தனசேகரனின் கை நின்றது. அப்பாவையே பார்த்தான்.

"தெனம் உன்னத்தான் கேட்டாடா. நான்தான் ரொம்ப தூரம்னு சொல்லிக்கினே இருந்தேன்."