மூன்று தண்ணீரில் கழுவிய வெள்ளரிக்காய்

என் மனைவிக்கு மூன்றாவது கீமோ முடிந்த அன்று, ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன. மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும் கிருமி, இவரை ஐசியூவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடும். ஆகவே பச்சையாக எதுவும் கூடாது, எல்லாம் வேகவைத்துத்தான். மனைவி கேட்டது ஒரே கேள்வி.

"சள்ளாஸும் பாடில்லையா? அதுவும் கூடாதா?"

சள்ளாஸ் என்பது நாங்கள் இருக்கும் கொச்சி மட்டாஞ்சேரியில் பிரியாணியோடு வருவது. வெங்காயம், வெள்ளரிக்காய், பச்சைமிளகாய், உப்பு, வினிகர். எல்லாவற்றையும் கையால் பிசைந்து வைப்பார்கள். ஊரே பிரியாணிக்கு அதைத் தொட்டுக்கொள்ளும். என் மனைவி அதற்குப் பிரியாணியைத் தொட்டுக்கொள்கிறவள்.

நாலு புத்தகம் படிக்காமல் எதற்கும் பயப்படத் தெரியாதவன் நான். ஒரே வாரத்தில் பச்சைக் காய்கறியில் குடியிருக்கும் கிருமிகளின் பெயர்கள் எல்லாம், பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்களைவிட நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டன. லிஸ்டீரியா ஃபிரிட்ஜுக்குள்ளும் வளருமாம். அதைப் படித்த பிறகு ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே யாரோ இருக்கிற மாதிரி ஒரு கூச்சம்.

சந்தையில் காய் விற்பவர் தேனிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து பத்து வருஷம் இருக்கும். அவரிடம் விசாரணை நடத்தினேன்.

"இதெல்லாம் எந்தத் தண்ணியில கழுவினது?"

"நல்ல தண்ணிதாண்ணே."

"அடியில மண்ணு இருக்கே?"

"மண்ணுல விளைஞ்சா மண்ணு இருக்கத்தாண்ணே செய்யும். வானத்துல விளையுற வெள்ளரிக்கா வந்தா முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்."

வாங்கி வந்ததை உப்புத் தண்ணீரில் ஒருமுறை கழுவுவேன். பிறகு வினிகர் தண்ணீரில். கடைசியாக, பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய, நாங்கள் குடிக்கிற அந்தச் சிவந்த தண்ணீரில். கையில் ரப்பர் கையுறை. இவ்வளவும் செய்துவிட்டுக் குக்கரில் போட்டு நாலு விசில் விடுவேன். வேகப்போகிற காயை எதற்கு மூன்று முறை கழுவுகிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் மனம் ஆறட்டுமே என்று, வெங்காயத்தையும் வெள்ளரிக்காயையும் வேகவைத்து வினிகர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள்.

"நல்லாயிருக்கா?"

"இது சாவு வீட்டுக் கூட்டு மாதிரி இருக்கு," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

அடுத்த ஞாயிறு கடையிலிருந்து பிரியாணி வாங்கிவந்தேன். சள்ளாஸ் பொட்டலத்தை வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன்.

"சள்ளாஸ் எங்கே?"

"இன்னிக்குக் கொடுக்கலை."

"அந்தக் கடை பிரியாணி இல்லைன்னு சொல்லும். சள்ளாஸ் இல்லைன்னு சொல்லாது." தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டு தின்னா என்ன ஆகிப்போகும்?"

என்ன ஆகும் என்று பெயர் பெயராகச் சொன்னேன். அவள் பிரியாணியைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குளிர்ந்துபோன சோற்றை நான் தின்றேன்.

மழைக்காலம் முடிகிற சமயம் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். சுற்றி வளைக்காத மனிதர். மருந்து இனிமேல் வேலை செய்யாது என்றார். நான் வாசல்வரை வந்தபோது, "இனி பத்தியம் ஒண்ணும் வேண்டா. இஷ்டமுள்ளதெல்லாம் கொடுக்கலாம்," என்றார்.

வீட்டுக்கு வந்து, பரீட்சையில் தேறிய பையன் குரலில் அறிவித்தேன்: "இனிமேல் பச்சையாவும் சாப்பிடலாமாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேண்டிய அளவு நேரம் பார்த்தாள். "அப்போ சள்ளாஸ் பண்ணுங்க," என்றாள்.

அடுக்களையில் உப்புத் தண்ணீர், வினிகர் தண்ணீர், பதிமுகத் தண்ணீர் என்று வரிசையாக வைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள்.

"இன்னும் எதுக்குக் கழுவுறீங்க?"

கடைசி வெள்ளரிக்காயையும் பதிமுகத் தண்ணீரில் முக்கி எடுத்தேன்.

"கிளவுஸைக் கழட்டுங்க. வெறும் கையால பிசைஞ்சாத்தான் அது சள்ளாஸ். இது ஆபரேஷன்."

கழற்றிவிட்டுப் பிசைந்தேன். மருந்தால் அவள் வாயெல்லாம் புண். வினிகர் பட்டதும் தோள் ஒருமுறை குலுங்கியது. நிறுத்தச் சொல்லி நான் கை நீட்டியதைத் தட்டிவிட்டாள். நாலு துண்டு தின்றாள், ஒவ்வொன்றுக்கும் இடையில் வாயைத் திறந்து காற்று விட்டுக்கொண்டு.

"எரியுதா?"

"எரியுது. உப்பு கம்மி."

மூன்று வாரத்தில் போய்விட்டாள். கிருமி எதுவும் காரணமில்லை. அந்த யுத்தத்தில் நான்தான் ஜெயித்தேன். அந்த ஞாயிறு அவள் கேட்ட ஒரு துண்டைக் கொடுத்திருந்தால் அவளைக் கொன்றிருப்பேனோ, இல்லை வெறுமனே சந்தோஷப்படுத்தியிருப்பேனோ, எந்தப் புத்தகமும் இதுவரை சொல்லவில்லை. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் சந்தைக்குப் போனேன். ஒரே ஒரு வெள்ளரிக்காயை எடுத்து நீட்டினேன். எதுவும் கேட்கவில்லை. தேனிக்காரர் அதை வாங்கித் தன் துண்டால் துடைத்தார். அடியிலிருந்த மண்ணை விரலால் சுரண்டினார். பிறகு, நான் கேட்காமலே, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நல்ல தண்ணியில கழுவினதுதாண்ணே."