வராதவர்களின் நாற்காலி

தொண்ணூற்றேழு சதவீதம். டயாலிசிஸ் பிரிவின் பன்னிரண்டு நாற்காலிகளும் நூறு மணி நேரம் திறந்திருந்தால் அதில் தொண்ணூற்றேழு மணி நேரம் யாராவது ஒருவருடைய ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தன என்று அதற்கு அர்த்தம். மருத்துவமனை வரவேற்பறையில் அந்த எண்ணைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதை உண்டாக்கியவள் இரண்டாவது மாடியில், மருந்துப் பெட்டிகளுக்கும் எடை பார்க்கும் கருவிக்கும் நடுவில் ஒடுங்கிக்கிடந்த மேசையில் உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்து மூன்று. நர்சுகளுக்கு அவள் ‘வரிசை அக்கா’.

அந்தப் பட்டப்பெயர் விளையாட்டாகக் கிடைத்ததல்ல. புள்ளியியல் படித்து, வரிசைகளின் கணிதத்தில் ஆய்வேடு எழுதியவள். ஒரு கவுண்டருக்கு எத்தனை பேர் வருவார்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும், கடைசியில் நிற்பவர் எப்போது வீட்டுக்குப் போவார் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சுவருக்கு வண்ணம் அடிக்கும் அவளுடைய அண்ணன் வேலைக்குப் போகும் வீடுகளிலெல்லாம் பீற்றிக்கொள்வான்: “என் தங்கச்சி க்யூவுல நிக்கறதுக்குன்னே காலேஜ் போனவ. நாமெல்லாம் படிக்காமலே நிக்கிறோம்!”

அவள் படித்ததில் ஒரு வளைகோடு உண்டு. எண்பது சதவீத நேரம் வேலை இருக்கும் வரை வரிசை நடக்கும். தொண்ணூறில் தவழும். நூறை நெருங்க நெருங்க, காத்திருப்பு மலை மாதிரி செங்குத்தாக ஏறிவிடும். அதற்குக் காரணம் கூட்டம் அல்ல, கூட்டத்தின் மனம்போன போக்கு. ஒரே நேரத்தில் நான்கு பேர் வருவார்கள், பிறகு ஈ காக்கை வராது. அந்தப் போக்கை மட்டும் அடக்கிவிட்டால் நூறு வரை ஓட்டலாம் என்று அவள் நம்பினாள்.

அடக்கினாள். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் வந்தாக வேண்டும். ஆனால் மனிதர்கள்தானே, மறப்பார்கள், சலிப்பார்கள், பேரன் பள்ளி விழாவுக்குப் போய்விடுவார்கள். அவள் தினமும் சாயங்காலம் மறுநாள் வர வேண்டிய ஒவ்வொருவரையும் போனில் அழைக்க ஆரம்பித்தாள். கெஞ்சுவாள், மிரட்டுவாள், தேவைப்பட்டால் மருமகளிடம் போட்டுக்கொடுப்பாள். வராதவர்கள் என்ற இனமே அற்றுப்போயிற்று. எண் தொண்ணூற்றேழைத் தொட்டது. கேக் வெட்டினார்கள்.

வராதவர்களை நம்பி ஒரு பெஞ்சு இருந்தது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

பிரிவின் வாசலில் கிடக்கும் நீல பெஞ்சு அது. இன்னும் நிரந்தர இடம் கிடைக்காத புது நோயாளிகள் காலையில் வந்து அதில் உட்காருவார்கள். யாராவது வராவிட்டால் அந்த நாற்காலி பெஞ்சில் முதலில் இருப்பவருக்கு. முன்பெல்லாம் எப்படியும் ஒன்றிரண்டு காலியாகும். இப்போது ஒன்றும் ஆவதில்லை. முறை வைத்து வருகிறவர்களை அவள் அடக்கிவிட்டாள். ஆனால் சிறுநீரகம் யாரிடமும் தேதி கேட்டுக்கொண்டு கெடுவதில்லை. அந்தக் கணக்கு அவள் ஏட்டில் இல்லை.

அண்ணன் அந்தப் பெஞ்சுக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தூக்கிய கை தூக்கியபடி கூரைக்கு வண்ணம் அடிப்பவனுக்குத் தோள் வலி. தோள் வலிக்கு மாத்திரை. கடலை கொறிப்பது போல வருடக்கணக்கில் விழுங்கிய மாத்திரை இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டிருந்தது. கழுத்தில் குழாய் போட்டு அவசர சிகிச்சையில் இரண்டு முறை சுத்தம் செய்தார்கள். அப்புறம், “நிரந்தர இடம் பாத்துக்குங்க” என்று அனுப்பிவிட்டார்கள். நகரத்தில் மற்ற இடங்களிலும் இதே பெஞ்சுதான், நிறம்தான் வேறு.

“என்ன பாப்பா, சொந்தக் கடையிலயே எனக்குச் சரக்கு இல்லையா?” என்றான் முதல் நாள்.

“சும்மா இருண்ணே.”

“சும்மாதானே இருக்கேன். அதுக்குத்தானே இந்த பெஞ்சு?”

நாளாக ஆகப் பேச்சு குறைந்தது. கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது என்று உட்கார்ந்தே தூங்கினான். அவனுக்கு முன்னால் இருந்த ஒரு டீச்சரைப் புதன்கிழமை பெஞ்சிலிருந்தே ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அதனால் அண்ணன் பெஞ்சில் முதல் ஆள் ஆனான்.

அண்ணி அவள் மேசைக்கு வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

“உங்க அண்ணன் உன்னை சைக்கிள்ல வச்சு காலேஜுக்கு மிதிச்சாரு. அதுக்கு ஒரு நாற்காலி கேக்கறேன். ஒரே ஒரு நாற்காலி.”

“எல்லாருக்கும் முறை இருக்கு அண்ணி. நான் யாரை எழுப்புவேன்?”

“எழுப்ப வேணாம். யாரையாவது வராம இருக்கச் சொல்லேன்.”

அண்ணி ஆத்திரத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த வார்த்தை போகவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போல போனை எடுத்தாள். வழக்கத்துக்கு மாறாக, ஒவ்வொருவரும் “வர்றேம்மா” என்றபோது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. யாருக்காவது காய்ச்சல் இருக்கக் கூடாதா, பஸ் கிடைக்காமல் போகக் கூடாதா என்று மனசு கேட்டது. எல்லோரும் வருவார்களாம். எல்லோருக்கும் நல்ல உடம்பாம்.

கடைசி ஆள் கடிகாரக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் நேரம் திருத்திக் கொடுப்பவருக்குத் தன்னுடைய நாள் கிழமை தெரியாது. அவள் அழைத்தால்தான் வருவார். அவர் வராமல் போகும் வாய்ப்பு, அழைத்தால் பூஜ்யம், அழைக்காவிட்டால் பத்துக்கு ஒன்பது. இந்த ஒரு கணக்கை அவள் எந்தக் கருவியும் இல்லாமல் போட்டாள். ஒரு நாள் தவறினால் மனிதர் தாங்குவார் என்றும் ஒரு கணக்குப் போட்டாள். அதற்கு அவளிடம் எந்த ஆதாரமும் இல்லை.

போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை கடிகாரக் கடைக்காரர் வரவில்லை. நர்சு பெஞ்சைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: “பெயிண்டர் அண்ணே, உங்களுக்கு அடிச்சது அதிர்ஷ்டம், வாங்க!”

நான்கு மணி நேரத்தில் அண்ணன் முகத்தில் பழைய களை திரும்பி வந்தது. நாக்கும் திரும்பி வந்தது. “பாப்பா, இந்தச் சுவத்துக்கு யாரு பெயிண்ட் அடிச்சது? கை காலைக் கட்டிப் போட்டுட்டு இதையா பாக்கச் சொல்றீங்க? இது தனி தண்டனை.” பிறகு, குரலைத் தாழ்த்தி, “யாரு வரல?”

“கடிகாரக் கடைக்காரர்.”

“ஏன்? என்னாச்சு அவருக்கு?”

அவள் எடை பார்க்கும் கருவியைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் மதியம் மருமகள் தோளில் சாய்ந்தபடி அவர் வந்தார். முகம் பூசணியாக ஊதியிருந்தது. ஒவ்வொரு மூச்சும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கொரகொரத்தது. அந்த நிலையிலும் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிச்சுக்கம்மா... நீ கூப்பிடலைன்னதும்... இன்னிக்குத்தான்னு நெனச்சிட்டேன். உனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேனா?”

பன்னிரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தது. அவரை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நுரையீரலில் தண்ணீர். அங்கே இருந்த ஒற்றை இயந்திரத்தில் போட்டு, சாயங்காலம் வாக்கில் பிழைத்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. அதுவரை அவள் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நின்றாள்.

செய்தி வந்த கையோடு பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். அந்த அம்மாள் அரை சான்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு எதிலோ கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்.

“கடிகாரக் கடைக்காரருக்கு நான் வேணும்னேதான் போன் பண்ணல டாக்டர். எங்க அண்ணனுக்கு நாற்காலி வேணும்னு.”

டாக்டர் பேனாவை வைத்தார். வெகு நேரம் திட்டினார். அதில் தப்பாக ஒரு சொல்லும் இல்லை. கடைசியில் களைத்துப்போய், “நாளையிலேர்ந்து போன் வேலையை நர்சு பாக்கட்டும்” என்றார். “இதுல கொடுமை என்ன தெரியுமா? ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம். ஏழாம் நாற்காலிப் பொண்ணுக்கு அவங்க அக்கா கிட்னி தர்றாங்க. திங்கட்கிழமையிலேர்ந்து அந்த இடம் காலி. பெஞ்சுல முதல் ஆள் யாரு?”

“எங்க அண்ணன்.”

“முறைப்படி அவருக்குத்தான். எழுதிக்கோங்க. போங்க.”

அவள் போகவில்லை. ஒரு இடம் என்பது வாரத்துக்கு மூன்று முறை. அண்ணனுக்கு எழுதினால் அண்ணன் பிழைப்பான். பெஞ்சில் மிச்சம் இருக்கும் இரண்டு பேருக்கு, அடுத்த நாற்காலி யாராவது சாகும் வரை இல்லை. எழுதாமல் விட்டால் மூன்று பேருக்கும் வாரம் ஒரு முறை. ஒரு முறை போதாது. சாகவும் விடாது, வாழவும் விடாது. அவள் படித்த படிப்பில் இதற்கு விடை இல்லை. அந்த ஆய்வேட்டில் வரிசையில் நின்றவர்கள் யாருக்கும் கால் வீங்கியதில்லை.

“அந்த இடத்தை யாருக்கும் எழுத வேணாம் டாக்டர். பெஞ்சுக்குன்னு விட்டுருங்க. அன்னன்னிக்கு ரத்தம் பாத்து, யாருக்கு மோசமோ அவங்களுக்கு.”

“அப்படின்னா உங்க அண்ணனுக்கு வாரம் ஒண்ணுதான் கிடைக்கும். புரிஞ்சுதான் பேசறீங்களா?”

“புரியுது.”

“குற்ற உணர்ச்சியில சொல்றீங்க.”

“இருக்கலாம். ஆனா நாளைக்குப் புதுசா ஒருத்தர் வருவாங்க டாக்டர். அவங்களுக்கு எங்கேயாவது ஒரு ஓட்டை வேணும். இல்லைன்னா என்னை மாதிரி இன்னொருத்தர் போனை எடுக்காம இருப்பாங்க.”

டாக்டர் நாட்காட்டியைப் பார்த்தார். “ஒரு மாசம்” என்றார். “எண் எவ்வளவு விழுதுன்னு பாப்போம்.”

வீட்டில் அவள் சொன்னபோது அண்ணி கையிலிருந்த தம்ளரைச் சுவரில் எறிந்தாள். “ஊரான் பிள்ளைக்குப் படியளக்க என் புருஷன்தான் கிடைச்சாரா?” அண்ணன் கட்டிலில் மூன்று தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். பேச மூச்சு சேர வெகு நேரமாயிற்று.

“கேட்டுட்டு செஞ்சிருக்கலாம் பாப்பா.”

“கேட்டா என்ன சொல்லியிருப்பே?”

“விட்டுக்குடுக்க வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.” அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “எனக்கு பயமா இருக்கு. உனக்குத் தெரியாதா?”

திங்கட்கிழமை ஏழாம் நாற்காலி பெஞ்சில் இருந்த ஒரு பேக்கரிக்காரருக்குப் போனது. புதன்கிழமைக்கான ரத்தப் பரிசோதனை செவ்வாய் காலை எடுக்கிறார்கள். அண்ணனும் பெஞ்சில் மிச்சம் இருக்கும் ஒரு பெண்ணும் கை நீட்ட வேண்டும்.