இன்னும் ஒரு மாதத்தில்

டேனிஷ்காரருக்கு முன்னால் 'ஓம்' சொல்லாதே என்று மொழிப் பள்ளி ஆசிரியை எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் 'ஆம்' என்பதற்கு நாங்கள் சொல்வது 'ஓம்'. டேனிஷ்காரருக்கு அது 'யா'. ஆனால் அவர்களிடம் 'ஒம்' என்று இன்னொரு குட்டிச் சொல் உண்டு. 'ஒம் என் மோனெத்' என்றால் இன்னும் ஒரு மாதத்தில் என்று பொருள். வெறும் 'ஒம்' என்று நிறுத்தினால், கேட்டவர் எவ்வளவு காலத்தில் என்று தெரிந்துகொள்ள நம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எங்களில் முக்கால்வாசிப் பேர் மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். சிரிப்பதற்கு வேறு விஷயம் அதிகம் இருக்கவில்லை.

நான் ஹேர்னிங் என்ற ஊரில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். புறப்பட்டபோது மகளுக்கு மூன்று வயது. மனைவியையும் அவளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டுக் காத்திருந்ததில் அவளுக்கு ஐந்தரை வயதாகிவிட்டது. எங்கள் விண்ணப்பங்கள் எங்கோ ஓர் அலுமாரியில் அசையாமல் கிடந்தன. பின்னாளில் பத்திரிகைகள் அதற்குத் 'தமிழர் வழக்கு' என்று பெயர் வைத்தன. விண்ணப்பங்களை அமைச்சரே நிறுத்தி வைத்தார் என்று தெரியவந்து, ஓர் அரசாங்கமே அதனால் விழுந்தது. அப்போது எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. தபால்காரர் நம் வாசலில் நிற்பதில்லை என்பது மட்டும் தெரியும்.

விண்ணப்பம்தான் அசையவில்லை, நானாவது அசைய வேண்டாமா? ஒரு நாள் வேலை முடிந்து, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இங்கே ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் பூச்சிய வகுப்பு என்று ஒன்று உண்டு. ஆறு வயதில் பிள்ளையை அதில் சேர்ப்பார்கள். அலுவலகத்தில் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு செயலாளர் அம்மா இருந்தார். மகளின் நீளமான பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார். பிறகு, "பிள்ளை வருகிறாள்தானே?" என்றார்.

"ஓம்," என்றேன்.

அவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி மீதியைக் கேட்கக் காத்திருந்தார். வாய் தவறியது எனக்கு உடனே விளங்கிவிட்டது. 'யா' என்று திருத்தியிருக்கலாம். எப்போது என்று தெரியாது என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டரை வருடத்தில், அவள் வருவதை எழுதிக்கொள்ள ஆயத்தமாக இருந்த முதல் ஆள் இந்த அம்மாதான். அந்தப் பென்சிலைச் சும்மா கீழே வைக்கவிட எனக்கு மனம் வரவில்லை.

"என் மோனெத்," என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

பொய் சொன்னவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கக் கூடாது. ஆவணியில் வகுப்புத் தொடங்கியதும் கால் தானாக அங்கே போய் நின்றது. "இன்னும் கொஞ்சம் தாமதமாகுமாம்," என்று அசடு வழிந்தேன். அந்த அம்மா கோபிக்கவில்லை. என்னை வகுப்பறைக்கு வெளியே நடைகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளிர்கோட்டு மாட்டும் கொழுக்கிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையின் பெயர், பக்கத்தில் ஒரு படம். மகளின் பெயருக்குப் பக்கத்தில் நத்தை. அது ஒன்றில்தான் எதுவும் தொங்கவில்லை. "பிள்ளைகள் தினமும் இவளைப் பற்றிக் கேட்கிறார்கள்," என்றார். நாட்டை விட்டு வந்த பிறகு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை.

அன்றே மனைவிக்கு எழுதினேன். பதில் வர ஒன்றரை மாதம் எடுத்தது. "பள்ளிக்கூடத்தில தனக்கு ஒரு கொழுக்கி இருக்காம் எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரியிறாள். வேற ஆரும் அதில பையைக் கொழுவினால் என்ன செய்யிறது எண்டு கேக்கிறாள். எப்ப கூப்பிடுவியள்?" கடைசிக் கேள்வி மகளுடையதா, மனைவியுடையதா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலமும் அடுத்த குளிர்காலமும், வேலை முடிந்த பின்னேரங்களில் நகர நூலகமே கதி என்று கிடந்தேன். சிறுவர் பகுதியில், முழங்கால் தாடையில் இடிக்கும் குட்டிக் கதிரையில் இருந்து படப் புத்தகங்களை முணுமுணுத்து வாசித்தேன். இந்த ஆளின் டேனிஷுக்கு இதுவே அதிகம் என்று அங்கே வேலை செய்தவர்கள் நினைத்திருப்பார்கள். நான் மகளுக்கு வாசித்துக் காட்டப் பழகிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வயது ஏற ஏற நானும் அலுமாரி மாறினேன். ஏழு வயதானபோது படம் குறைந்து எழுத்துக் கூடிய புத்தகங்களுக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்தில் ஏதாவது பிள்ளை தகப்பனின் மடியில் ஏறி இருந்து கதை கேட்டால், என்னால் அங்கே இருக்க முடியாது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்க் காற்றில் நிற்பேன்.

இடையில் ஒரு நாள் செயலாளர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறதாம், கொழுக்கி தேவையாம், பெயரை எடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "யா," என்றேன். இதை மட்டும் மனைவிக்கு நான் எழுதவேயில்லை.

ஒருவழியாக அனுமதி கிடைத்து அவர்கள் வந்து சேர்ந்தபோது மகளுக்கு எட்டு வயது. வந்த நான்காம் நாள் மூவருமாக அதே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார். பிள்ளைக்குப் பொக்குளிப்பான் அம்மை வந்துவிட்டதா? என்ன சாப்பாடு விருப்பம்? எதற்குப் பயப்படுவாள்? நான் ஒவ்வொன்றையும் தமிழில் மனைவியிடம் கேட்டு, அவள் சொன்னதை டேனிஷில் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்ல என்னிடம் மொழி இருந்தது. ஒன்றுக்குக்கூட விடை இருக்கவில்லை. பெற்ற தகப்பன் அந்தக் கதிரையில் அரைமணி நேரம் குறுகிப்போய் இருந்தேன்.

முடிவில் ஆசிரியை மகளைப் பார்த்து, உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். தமிழில் சொன்னேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இவரும் எங்களோடயே இருக்கப் போறாரோ?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார். அங்கே மொழிபெயர்ப்பாளன் நான் ஒருவன்தான்.

"பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் என்று கேட்கிறாள்," என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு, மகளிடம் சொல்லுங்கள் என்றார் ஆசிரியை.

நான் மகளின் பக்கம் குனிந்தேன். "இருப்பன் பிள்ளை," என்றேன். "நீங்கள் விட்டால் இருப்பன்."